மேல்காற்றில் உப்பு

நேற்று மாலை மீஞ்சூரில் என் மகன் வீட்டில் கரண்ட் போனது. போனது என்று நான்தான் சொல்கிறேன். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இன்வெர்ட்டர் ஒரு தரம் கீச்சிட்டது. மின்விசிறி ஒரு கணம் தயங்கிவிட்டு மறுபடி சுற்றியது. நான் மட்டும் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தேன்.

"இன்னா தாத்தா பாக்கிற?" என்றாள் பேத்தி.

"கரண்ட் போயிடுச்சும்மா."

"லைட்டு எரியுதே" என்றாள் அவள். அதற்கு மேல் அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை. உங்களிடம் சொல்லலாம்.

அந்த இன்வெர்ட்டர் பேட்டரியில் ஒரு புளித்த வாடை உண்டு. பழவேற்காட்டில் நான் வேலை பார்த்த மின்சார அலுவலகத்திலும் அதே வாடைதான். ஓடு வேய்ந்த ஒரு கட்டடம், மூலையில் பழைய பேட்டரிகள், சுவரில் காலண்டர், ஒரு மேஜை. அந்த மேஜைக்குப் பின்னால் நான். எங்கள் மீனவக் குப்பத்திலிருந்து பாலிடெக்னிக் போய்த் திரும்பி வந்த முதல் ஆள். மணலில் ஷூ போட்டுக்கொண்டு நடப்பேன். நடக்கும்போது உள்ளே மணல் சேரும், வீட்டுக்கு வந்து கொட்டுவேன். கழற்றிவிட்டு நடக்க கௌரவம் இடம் தராது.

அந்த அலுவலக வாசலில்தான் வில்லெமை முதலில் பார்த்தேன். ஒல்லாந்திலிருந்து வந்தவர். அவர் நாட்டு முன்னோர் இங்கே கோட்டை கட்டி, துணி வாங்கி, காய்ச்சலில் செத்து, இங்கேயே புதைந்தவர்கள். மண்டையோடும் எலும்பும் செதுக்கிய அந்தக் கல்லறைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவும் படம் எடுக்கவும் வந்திருந்தார். குப்பத்தை ஒட்டிய தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். எல்லாரும் அவரை வில்லியம் தொரை என்பார்கள். அவருடைய தமிழ் எங்கோ புத்தகத்தில் கற்றது. எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான் கரண்ட்டை மின்சாரம் என்பார்.

"ஐயா, மின்சாரம் சென்றுவிட்டது. எப்போது திரும்பும்?"

"வரும் சார்."

"எந்த நேரத்தில்?"

"வரும்."

நேரம் சொல்லாமல் எப்படி ஒரு பொருள் வரும் என்று அவருக்குப் புரியவில்லை. கரண்ட் போனதும் மாடியிலிருந்து இறங்கி அலுவலகம் வரைக்கும் நடந்து வந்து தகவல் சொல்வார். தகவல் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும் என்று நினைத்தார், பாவம். ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு டார்ச் லைட். தன் சின்ன வயதில் ஊரில் ஒரே ஒரு முறை கரண்ட் போனதாம், அதைக் கல்யாணக் கதை மாதிரி சொல்வார். கொஞ்ச நாளில் பழகிவிட்டது. கரண்ட் வரும்போது தெருவே "ஏய்ய்ய்" என்று கத்துமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கூச்சலில் ஒரு நாள் வித்தியாசமாக ஒரு கட்டைக்குரல் கேட்டது. மாடியைப் பார்த்தால் தொரை கைலி கட்டிக்கொண்டு கையைத் தூக்கிக் கத்துகிறார். நான்கூடச் சிரித்தேன். அப்போது அவர்மேல் எனக்குப் பகை இல்லை.

பகை எங்கள் வீட்டுத் துணி துவைக்கிற கல்லிலிருந்து வந்தது.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவின் படகை வாடகைக்குப் பேச ஒரு நாள் தொரை வீட்டுக்கு வந்தார். பின்பக்கம் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கல்லின் ஓரத்தில் ஒரு பூங்கொடி செதுக்கியிருந்ததை அவர் பார்த்துவிட்டார். அந்தக் கல் எப்போது வந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நைனாவின் தாத்தா படகில் போட்டுக் கொண்டுவந்தது என்பார்கள். புரட்டிப் பார்க்கலாமா என்று தொரை கேட்டார். நைனாதான் கடப்பாரை போட்டு நெம்பினார். அவரே தண்ணீர் ஊற்றி, நார் போட்டுத் தேய்த்து, எழுத்தை எழுத்தாகக் காட்டினார். அது ஒரு குழந்தையின் கல்லறைக் கல். தொரை அதன் பக்கத்தில் உட்கார்ந்து வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் பட்டணத்தில் யாரோ அதிகாரிகளிடம் அவர் சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் கழித்து ஜீப் வந்தது. கூடவே போலீஸ். கல்லறையிலிருந்து திருடிய கல் என்று சொல்லிக் கல்லை ஏற்றினார்கள், நைனாவையும் ஏற்றினார்கள். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை ஸ்டேஷன் வாசலில் அவரைக் குந்த வைத்திருந்தார்கள். எச்சரித்து அனுப்பினார்கள் என்று காகிதத்தில் எழுதினால் ஒரு வரி. குப்பத்தில் அப்படி முடியவில்லை.

இங்கே பாடு என்று ஒன்று உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை வருஷத்துக்கு ஒரு முறை சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். கோயில் வாசலில் ஒரு கல், கல்மேல் குடம், குடத்துக்குள் பெயர்ச் சீட்டு. குடத்துக்குள் கை விட்டு எடுப்பவர் ஊர் நம்புகிற ஆளாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு வருஷத்துச் சோறு அந்தக் கையில் வரும். நினைவு தெரிந்த நாளாக அது நைனாவின் கை. நல்ல இடம் கிடைக்காதவன்கூட அந்தக் கையைக் குறை சொன்னதில்லை.

முனுசாமி என்று ஒருவர். நைனாவின் வயதுதான். அவர் ஊர்க் கூட்டத்தில் கேட்டார்: "கல்லறையில வெச்ச கைய கொடத்துல வெக்கலாமா? நியாயத்த நீங்களே சொல்லுங்க."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் நான் குதித்தேன். அவர், "அவங்க ஊரு கொழந்த செத்த கல்லு. அவன் கேக்க மாட்டானா?" என்றார். அவ்வளவுதான். அவர் கோபப்பட்டிருந்தால் என் கோபம் பாதியாகியிருக்கும். முழுசும் எனக்கே வந்து சேர்ந்தது.

என் கையில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். தொரையின் தெருவுக்கும் எங்கள் குப்பத்துக்கும் ஒரே லைன். ஐஸ் கடைக்குப் பின்னால், தாழம் புதர் ஓரமாக டிரான்ஸ்பார்மர். அதன் பீஸ்கட்டையைப் பிடுங்கினால் போதும், இரண்டு இடமும் இருண்டுவிடும். அங்கே நான் நிற்பதை யாராவது பார்த்தாலும் வேலை பார்க்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.

அதில் எனக்கு எவ்வளவு ருசி இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. தொரை எப்போது சாப்பிட உட்காருவார், எப்போது காகிதத்தை விரித்து எழுத்தைப் படியெடுப்பார், எப்போது கொசுவலைக்குள் போவார் என்று கவனித்து வைத்துக்கொண்டேன். சோற்றில் கை வைக்கும்போது பிடுங்குவேன். மெழுகுவர்த்தி ஏற்றி முடித்ததும் போடுவேன். அவர் அணைத்ததும் மறுபடி பிடுங்குவேன். புழுக்கத்தில் அவர் பால்கனியில் வந்து நிற்பதைக் கீழேயிருந்து பார்ப்பேன். கூட வேகிற குப்பத்துக்காக நான் வருத்தப்படவில்லை. நைனா துண்டை உதறியபோது வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள்தானே, வேகட்டும் என்றிருந்தேன்.

தொரை வந்து கேட்டால் ஒரே பதில்: உப்பு. அது முழுப் பொய்யும் இல்லை. கடல் காற்று அடிக்கும் நாட்களில் கம்பத்துப் பீங்கானில் உப்புப் படியும், ஈரம் பட்டதும் பொறி பறந்து லைன் விழும். நாங்கள் ஏறித் துணியால் துடைப்போம். "உப்பு சார்" என்பேன். "உப்பு" என்று அவரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போவார்.

சீட்டுப் போடுவதற்கு முந்தின நாள் ஒரு செய்தி வந்தது. தொரை ஊருக்குக் கிளம்புகிறார், அன்று பொழுது இறங்கியதும் கோயில் வாசலில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டப் போகிறார், ஊரில் எங்கெங்கே அந்த மாதிரிக் கல் இருக்கிறது என்று காட்டப் போகிறார். செய்தி கொண்டுவந்தது இறால் விற்கிற கண்ணம்மா அக்கா. "ஒங்க ஊட்டுக் கல்லும் வருதாம்டா, சினிமாவுல" என்றாள் சிரித்துக்கொண்டே.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜீப்பில் ஏற்றியது போதாது, என் அம்மா துணி துவைத்த கல்லை ஊர் கூட்டித் திரையில் வேறு காட்டப் போகிறானா? இன்னும் யார் யார் வீட்டுக்கு ஜீப்பை அனுப்பப் போகிறான்?

நைனா துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். தொரைதான் வந்து கூப்பிட்டாராம். அதுகூட எனக்கு அவமானத்தின் ஏற்பாடாகத்தான் பட்டது. தூரத்தில் நின்று பார்த்தேன். ஸ்லைடு மெஷினிலிருந்து திரையில் முதல் படம் விழுந்தது, மண்டையோடு வைத்த கல்லறை வாசல். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். இரண்டாவது படம் எங்கள் வீட்டுக் கல். நான் ஐஸ் கடைப் பக்கம் நடந்தேன்.

ஊர் இருண்டது. பீஸ்கட்டையைப் புதருக்குள் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு பஜார் வழியாக டார்ச்சோடு வந்தேன், அலுவலகத்திலிருந்து வருகிறவன் மாதிரி.

"இன்னாபா ஆச்சு?" என்றார்கள்.

"உப்பு. பீங்கான்ல உப்புப் படிஞ்சு லைன் உழுந்துடுச்சு. காலைலதான் பாக்க முடியும்."

 இருட்டில் கண்ணம்மா அக்காவின் குரல்.

"அடிக்கிறது மேக்காத்துடா பேமானி. மேக்காத்துல ஏதுடா உப்பு? ஒதட்ட நக்கிப் பாரு. நெல்லு வயலு வாசனதான் வருது. நீ ஏறி ஒரு மூட்ட கொட்டிட்டு வந்தியா?"

ஊரே சிரித்தது. ஆனி மாதம். பத்து நாளாகக் காற்று நிலத்திலிருந்துதான் அடித்துக்கொண்டிருந்தது. மீன்காரன் வீட்டுப் பிள்ளை நான் அதை மறந்திருந்தேன். சிரித்தவர்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். என் டார்ச் வெளிச்சம் தவறிப்போய் நைனாவின் முகத்தில் விழுந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தொரை கிளம்பினார். வழியனுப்பவா போனேன்? போகிற முகத்தைப் பார்த்து அனுபவிக்கப் போனேன். பெட்டிக்கு நடுவில் நின்றிருந்தவர் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கள் தந்தைக்கு நான் செய்த தீங்கைச் சரி செய்ய நினைத்தேன். மின்சாரம் விடவில்லை."

"இன்னா சரி செய்யப் பாத்தீங்க?"

"இத்தகைய கல்லறைக் கல் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. முனுசாமி ஐயாவின் வாசற்படி அதுதான். கோயிலில் குடம் வைக்கும் கல்லும் அதுதான். அடியில் எழுத்து இருக்கிறது, பூசாரி அனுமதித்ததால் கண்ணாடி வைத்துப் படம் எடுத்தேன். அதைக் கடைசியாகக் காட்ட இருந்தேன். பார்த்தால் ஒருவரும் அவர் கையைக் குறை சொல்ல முடியாது."

"வாயால சொல்லியிருக்கலாமே சார்."

"வாயால் சொல்லித்தானே ஜீப் வந்தது" என்றார். "காட்டிவிட்டு, அந்தப் படங்களை உங்கள் தந்தையிடமே கொடுத்துவிட நினைத்தேன். இருட்டில் எல்லாம் கீழே சிதறிவிட்டது. கூட்டம் மிதித்துவிட்டது."

பஸ் போனதும் கோயிலுக்கு ஓடினேன், ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு. கல்மேல் குடம் இருந்தது. சுற்றி ஊர். நைனா வரிசைக்கு வெளியே நின்றிருந்தார். முனுசாமி கையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். அந்தக் கல்லைப் புரட்டிப் பாருங்கள் என்று சொன்னால் போதும். உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். தொரை சொன்னார் என்றால், அதை அவர் நேற்றே ஏன் காட்டவில்லை என்பார்கள். கரண்ட் ஏன் போனது என்று அடுத்த கேள்வி வரும். கண்ணம்மா அக்கா எதிரிலேயே நின்றிருந்தாள். வேலை போகும், மானம் போகும்.

முனுசாமியின் கை குடத்துக்குள் போனது. என் வாய் திறக்கவில்லை. அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் திறக்கவில்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது நைனா ஒன்றே ஒன்று சொன்னார். "காத்து இன்னும் மாறல பாத்தியா." அதற்குப் பிறகு சாகிறவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கரண்ட் போகும்போதெல்லாம் மட்டும் எழுந்து வாசலுக்கு வந்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். அலுவலகத்தில் இருக்கும்போதும் அவர் அங்கே நிற்பது எனக்குத் தெரியும்.

நைனா இல்லை, முனுசாமி இல்லை, கண்ணம்மா அக்கா இல்லை. பாடு இன்னும் போடுகிறார்களாம், குடத்தில் சீட்டுக் குறைந்துவிட்டது. பிள்ளைகள் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். கரண்ட் வந்தால் கத்துகிற தெரு எங்கேயும் இல்லை.

போன ஆனியில் அங்கே போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கேட்க யார் மிச்சம் என்று யோசிக்கவில்லை. கோயிலைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள், வாசலில் வழவழவென்று டைல்ஸ். பழைய கல் எங்கே என்று கொத்தனாரிடம் கேட்டேன்.

"அதுவா பெரியவரே? ஒடச்சி அடியில போட்டாச்சு. ஏன், இன்னா விசயம்?"

"ஒண்ணுமில்லப்பா" என்றேன். அன்று திறக்காத வாய் இப்போதும் உண்மைக்குத் திறக்கவில்லை.

அந்த டைல்ஸ்மேல் கொஞ்ச நேரம் நின்றேன். முதுகுப் பக்கமிருந்து காற்று அடித்தது. உதட்டை நக்கிப் பார்த்தேன். உப்பு இல்லை.