தெருவை மறித்த என் கடைத் தூண்கள்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், சித்திரை வெயில். தூத்துக்குடித் துறைமுகச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தின் முனையில் கயிறு, ஆணி, கடப்பாரை விற்கும் கடை வைத்திருந்தேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. அந்த வருஷம் வீட்டு வரியை ஏகத்துக்கு உயர்த்தியிருந்தார்கள். நான் கட்டவில்லை.

ஒரு நண்பகலில் நகரசபையின் வரி வசூல்காரர் மூன்றாவது முறையாக வந்து நின்றார்.

“வரி வரின்னு வாங்குதீரே, எங்க சந்துக்கு என்னவே செஞ்சிருக்கீரு?” என்று நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டேன்.

“கட்டலைன்னா ஜப்திக்கு வருவாங்க அண்ணாச்சி, நான் என்ன செய்ய?” என்றார்.

அதற்குள் சந்தின் உள்ளே புகை எழுந்தது. எல்லாம் ஓலைக் கூரைகள். கடல் காற்று வேறு. கடைசி வீட்டில், பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகாத ஒரு பெண் தனியாக இருந்தாள். புருஷன் சங்கு குளிக்கக் கடலுக்குப் போயிருந்தார். அவள் வெளியே வர இருந்த ஒரே வழியில்தான் தீ.

வசூல்காரர் சைக்கிளில் பறந்தார். நாங்கள் குடம் குடமாக ஊற்றினோம்; அடங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நகரசபைத் தண்ணீர் லாரியோடு வந்துவிட்டார். ஆனால் லாரி சந்து முனையிலேயே நின்றுவிட்டது. என் கடைக்கு முன்னால் இரண்டு தூண் நட்டுத் தகரம் போட்டிருந்தேன். அது தெருவுக்குச் சொந்தமான இடம் என்பது எனக்குத் தெரியும்.

“யாருவே இங்கன தூண் நட்டது?” என்று டிரைவர் கத்தினார். குழாய் அங்கிருந்து எட்டவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் தகரத்தின் கீழ் கிடந்த சரக்கைத்தான் பார்த்தேன். உள்ளேயிருந்து அவள் அலறல் கேட்ட பிறகே கடப்பாரையை எடுத்தேன். வசூல்காரரும் ஒன்றைத் தூக்கிக்கொண்டார். முதல் தூண் சாய்ந்தது. இரண்டாவது அசையவே இல்லை. கைத்தோல் உரிந்து ரத்தம் வழிய வழிய இடித்தேன். தகரம் சரிய, லாரி அதன் மேலேயே ஏறி உள்ளே போனது.

நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு குழந்தையோடு வெளியே வந்தாள். முன்நெற்றி முடி பொசுங்கியிருந்தது. சரிந்து கிடந்த தகரத்தையும் என் கைகளையும் பார்த்து, “ஐயோ, உங்க கடை போச்சே அண்ணாச்சி!” என்றாள்.

வரியைக் கட்டிவிட்டேன். அது அதிகம்தான் என்று இன்றும் வாதாடுவேன். ஆனால் சந்துக்கு என்ன செய்தீர்கள் என்று யாரையும் கேட்க வாயெடுத்தால், அவளுடைய அந்த அலறல்தான் முதலில் காதில் விழுகிறது.