எஸ்தர் அக்கா மறைத்த ஒரே ரிப்போர்ட்

எஸ்தர் அக்கா போய்விட்டார் என்று அவர் கணவர் சாமுவேல் சார் போன் செய்தபோது, தாம்பரத்தில் எங்கள் லேபில் யாருடைய கட்டியையோ மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அலுத்துப்போகிறது இந்த வேலை.

நோயைச் சதைத்துணுக்கில் கண்டுபிடிக்கும் மருத்துவர்கள் நாங்கள் இருவரும். பல வருஷம் ஒரே அறை. அப்பாவுக்குப் பக்கவாதமும் புற்றுநோயும் வந்த ஒரு பெண், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். “ஸ்ட்ரோக்ல ரத்தம் போகாம மூளை செல்லு செத்துடுதும்மா. கேன்சர்ல சாகவேண்டிய செல்லு சாகாம பெருகிக்கிட்டே போகுது” என்றார் அக்கா. அதைவிடச் சுருக்கமாக என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை.

ரிப்போர்ட் வாங்க வருகிற சொந்தக்காரர்கள், நோயாளிக்குத் தெரிய வேண்டாம், வெறும் கட்டி என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுவார்கள். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “உடம்பு அவங்களோடது. அவங்களுக்கு மட்டும் தெரியக்கூடாதா?” பெரும்பாக்கத்திலிருந்து வந்த ஒருவர், “நீ வேற டாக்டரம்மா, ஏற்கெனவே பேஜாரா கீது” என்றார். “பேஜார்தான். அதையும் அவங்ககிட்டயே சொல்லுப்பா” என்று அனுப்பினார்.

போன மாதம் அக்காவின் வயிற்றுக் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கே எங்களிடம் வந்தது. அக்காவே வந்து ஸ்லைடைப் பார்த்தார். புற்றுநோய்தான்.

“அவருக்குத் தெரிய வேணாம். மனுஷன் தாங்கமாட்டார்.”

“இத்தனை வருஷம் எல்லாரையும் திட்டினீங்களே அக்கா.”

“திட்டினேன். இது என் வீட்டுக்காரர்டி.”

மறுநாள் சாமுவேல் சார் வந்தார். எங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்த அறுவை மருத்துவர் அவரிடம் சொல்லிவிட்டிருந்தார். “அவகிட்ட மூச்சு விடாதீங்க. ரிப்போர்ட் லேட்டாகும்னு சொல்லிடுங்க” என்றார் சார். இருவருக்கும் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

ஒரே வாரத்தில், சிகிச்சை தொடங்குமுன், பக்கவாதம் முந்திக்கொண்டது. புற்றுநோய் சிலருக்கு ரத்தத்தை எளிதில் உறையவைக்கும். உறைந்த துணுக்கு மூளைக்குப் போகும் குழாயை அடைத்தால், அதற்கப்பால் உள்ள செல்கள் சில நிமிஷங்களிலேயே சாகத் தொடங்கும். அக்காவுக்கு நினைவு திரும்பவே இல்லை.

அடக்கம் முடிந்து, இரும்புலியூரில் அவர்கள் வீட்டில் சாமுவேல் சார் கேட்டார்: “அவ எதுவும் தெரியாமத்தான போனா? எனக்கு அந்த ஒரு நிம்மதி போதும்.”

அக்கா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். எந்த அக்காவைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன். “தெரியும் சார். ஸ்லைடை அவங்களே பார்த்தாங்க. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு சொன்னாங்க.”

“அந்த வாரம் பூரா நாங்க சண்டையே போடல. நான்தான் நல்லா நடிக்கிறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்” என்றார். அதற்குப்பிறகுதான் அழுதார்.

அக்காவைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அவருடைய கோபத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் வேண்டும். அவர் கணவரிடம் சொல்லாமல் வைத்திருந்த அந்த ஒரு வாரமும் வேண்டும். இரண்டும் ஒத்துவரவில்லை. இருந்தாலும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.