நான் நிராகரித்த இறக்கை

போன வருடம் மகளின் விடுமுறை முழுவதும் நான் கடலில் இடுப்பளவு நீரில் நின்றேன். கையில் பட்டத்தின் பிடி, காலருகே பலகை, தலைக்கு மேல் காற்றே இல்லாத வானம். அரசு அலுவலகத்தில் கொள்முதல் பிரிவிலிருந்து ஓய்வுபெற்றவனுக்குக் காத்திருப்பது புதிதல்ல. ஆனால் அங்கே உட்கார நாற்காலி கொடுப்பார்கள்.

விளையாட்டு இதுதான். ஒரு பெரிய பட்டம் காற்றில் நின்று நம்மை இழுக்கும். நாம் நிற்கும் பலகையின் அடியில் ஒரு கம்பம், அதன் நுனியில் விமானத்துக்கு இருப்பதுபோல ஓர் இறக்கை. இரண்டும் நீருக்குள் இருக்கும். வேகம் கூடினால் அந்த இறக்கை பலகையை நீருக்கு மேலே தூக்கிவிடும். சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் வார இறுதிகளில் இதைத்தான் செய்கிறாள். எனக்கு ஆசை காட்டியதும் அவள்தான்.

இந்த வருடம் மனைவி கெடு விதித்துவிட்டாள்.

"இந்த வாட்டியும் நீங்க தண்ணிக்கு மேல எழும்பலன்னா அடுத்த லீவு என்னுது. வேளாங்கண்ணி போய் பத்து நாள் உக்காந்துக்கப் போறேன். மெழுகுவர்த்தி புடிச்சிக்கினு நீங்க பின்னால வரணும்."

மகள் ஒரு தோழியிடம் இரவல் வாங்கி, பெரியதும் சிறியதுமாக இரண்டு பட்டமும் இரண்டு இறக்கையும் ஆலங்காயத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கடலுக்குப் போகும் காரில் ஒரு பட்டத்துக்கும் ஓர் இறக்கைக்கும்தான் இடம். தேர்வுப் பொறுப்பை நானே ஏற்றேன். பணிக்காலம் முழுவதும் அதைத்தானே செய்தேன்? ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். எதை எதோடு சேர்த்து யார் பயன்படுத்துவார்கள் என்பது தேர்வுக் குழுவின் கவலை அல்ல.

எங்கள் தெருவில் பட்டம் விட இடமில்லை. மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் தெரிந்தவர் ஒருவரின் கொல்லை சாமை அறுத்து வெறுமையாகக் கிடந்தது. மூவரும் வாடகை ஜீப்பில் கிளம்பினோம். போகிற வழியிலேயே இறக்கைகளின் சோதனையை முடித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. சிறியதை ஜன்னலுக்கு வெளியே கிடைமட்டமாக நீட்டினேன். மெலிதாக, ஒடுக்கமாக இருந்த அது காற்றைக் கிழித்துக்கொண்டு அடக்கமாக நின்றது. அடுத்தது பெரியது. முறத்தைவிட அகலம். ஜீப் சற்று வேகமெடுத்ததும் என் கையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மேலே கிளம்பி, பக்கக் கண்ணாடியில் போய் இடித்தது.

"இன்னா சார் பண்றீங்க?" ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டினார். "கண்ணாடி போச்சுன்னா ஓனருக்கு நான் இன்னா பதில் சொல்றது? அந்த ஃபேன் ரெக்கய உள்ள வெய்ங்க!"

"இது ரிஜெக்ட்" என்றேன். "கன்ட்ரோல்ல நிக்கல. சின்னதுதான் பாஸ்."

பின் இருக்கையில் மகள் மூட்டைகளோடு மூட்டையாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கொல்லையில் பட்டங்களின் முறை. பெரியது என்னைச் சாமைத் தாள்களின் மேல் தரதரவென்று இழுத்துப் போனது. மகள் பிடித்திருந்த சிறியது, எடை குறைந்த துணி, மரியாதையாக மட்டும் இழுத்தது. பெரியதற்கு மனதுக்குள் முழு மதிப்பெண் போட்டேன். அந்த நேரம் பார்த்துக் காற்று தணிந்தது. பெரியது நனைந்த போர்வைபோலத் தரையில் உட்கார்ந்தது. எவ்வளவு சுண்டியும் எழவில்லை.

"உங்கள மாதிரியே கீது. உக்காந்தா எழும்பாது" என்றாள் மனைவி.

சிறியது இன்னும் வானத்திலேயே இருந்தது. காற்று இல்லாத நேரம் சோதனையில் சேராது என்று அதை ஒதுக்கிவிட்டு முடிவை அறிவித்தேன். பெரிய பட்டம், சின்ன இறக்கை.

"சின்ன ரெக்கயா? ஏன்?" என்றாள் மகள். ஜீப்பில் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, தூக்குறதுதான் அதோட வேல! மெதுவா போம்போதே தூக்கணும். காத்து கம்மின்னா வேகம் எங்கேந்து வரும்? பலக மேல எழும்பிட்டா தண்ணி புடிச்சி இழுக்காது, அப்புறம் இவ்ளோ பெரிய பட்டம் எதுக்கு? காத்து வுட்டு வுட்டு வந்தாலும் வுழாம நிக்கிற சின்னதுதான் வேணும். கடல்ல வுழுந்தா இந்தப் பெரிச உங்களால எழுப்ப முடியுமா? ஐட்டம் ஐட்டமா பாக்காதீங்கப்பா."

"நீ சும்மா இருடி" என்று மனைவி அவசரமாகக் குறுக்கிட்டாள். "அப்பாவுக்குத் தெரியாததா? அவரு பாஸ் பண்ணதையே எடுத்துக்கினு போலாம்."

என் தீர்ப்பின்மீது அவளுக்குத் திருமணமான நாளிலிருந்து இவ்வளவு மரியாதை வந்ததில்லை. வேளாங்கண்ணி அவள் முகத்தில் தெரிந்தது. நடைமுறையில் மறுபரிசீலனைக்கு எப்போதும் இடம் உண்டு. அந்தக் கொல்லையிலேயே இரண்டு முடிவுகளையும் மாற்றினேன். சின்ன பட்டம், பெரிய இறக்கை.

கடலுக்குப் போன அன்று துண்டு காயக்கூடப் போதாத காற்று. ஆனாலும் பட்டம் வானத்தில் நின்றது. பலகை கொஞ்ச தூரம் சளசளவென்று நீரை அடித்துக்கொண்டு போனது. பிறகு சத்தம் நின்றது. நான் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்துக் கீழே பார்த்தேன். நீர் பலகைக்கு முழங்கால் உயரம் கீழே இருந்தது. பார்த்தது தவறு. தலைகுப்புற விழுந்தேன். பட்டம் விழவில்லை.

மனைவி புடவை நனைய நீருக்குள் வந்து நின்றிருந்தாள்.

"எழும்பிட்டாரு! பாத்தியாடி? இன்னாத்துக்கு கீழ பாத்தீங்க? அப்டியே போய்ட்டு இருக்கவேண்டியதுதானே?"

"அப்போ அடுத்த லீவு?" என்றேன், உப்புநீரைத் துப்பிக்கொண்டே.

"அத அப்புறம் பேசலாம். காத்து நிக்கறதுக்குள்ள இன்னொரு வாட்டி போங்க."