ரோல்ஸ் தட்டும் தலைமைக் கதிரையும்

புலம்பெயர்ந்து வந்த கிளேட்டனில் நான் பணிபுரியும் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகளாக உணவுத் தட்டு எதையும் கையில் எடுத்ததில்லை. சேர்ந்த புதிதில், உதவியாக இருக்கட்டும் என்று எங்கள் ஆய்வுக் குழுவின் கூட்டத்துக்குத் தட்டொன்றை எடுத்துச் சென்றேன். என் நிறத்தையும் தட்டையும் பார்த்த விருந்தினர் ஒருவர் என்னிடம் கோப்பி கேட்டார். அன்று ஆய்வை விளக்கவிருந்தவள் நான்தான்.

இந்த ஆண்டு அதே குழுவுக்குத் தலைவியானேன். முதல் கூட்டத்தன்று காலையில் கணவர் குசினியில் கறி வைத்துச் சுருட்டிய ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்.

"புதுப் பொறுப்பு எடுத்திருக்கிறீர். வெறுங்கையோட போறதே?"

"நான் தட்டைத் தூக்கினால் திரும்பவும் கோப்பி கேப்பினம்."

"அப்ப தூக்காதையும். மேசையில வைச்சிட்டு இரும். பசிச்சவன் தூக்குவான்."

அப்படியே, தட்டை நடுவில் வைத்துவிட்டுத் தலைமைக் கதிரையில் அமர்ந்து கூட்டத்தைத் தொடங்கினேன். "எடுங்கோ, எடுங்கோ" என்று வீட்டில் வற்புறுத்திப் பரிமாறியே பழகிய கைகளை மடியில் அடக்கிவைப்பது எளிதாக இருக்கவில்லை. சற்று நேரத்தில், குழுவின் மூத்த வெள்ளைக்கார ஆய்வாளர் எழுந்து, ரோல்ஸை ஒவ்வொருவரிடமும் நீட்டத் தொடங்கினார். தாமதமாக உள்ளே வந்த விருந்தினர் ஒருவர் அவரிடமே கோப்பி கேட்டார்.

"நான் ரோல்ஸுக்கு மட்டும்தான். கோப்பிக்கு இடைவேளை விடவேண்டியவர் எங்கள் தலைவி," என்று அவர் என்னைக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் தட்டை நானே எடுத்துச் சுற்றினேன். அதற்குள் நான் யாரென்று அனைவரும் அறிந்திருந்தார்கள். எவரும் கோப்பி கேட்கவில்லை; இன்னொரு ரோல்ஸ்தான் கேட்டார்கள்.