அண்ணன் பேரில் ஓடிய கம்ப்யூட்டர்

அண்ணா, உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, எழுதவும் கை வரவில்லை. அண்ணா என்றே இருக்கட்டும். இனி உன்னைத் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். கணபதி என்ற ஊரில், ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் காயில் சுற்றும் வேலை. அண்ணன் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன். தொண்ணூற்றொன்பதில் பழைய பாகங்களைச் சேர்த்து வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டர் செய்தான். போன் லைனில் இன்டர்நெட்டும் வந்தது. அது இணையும்போது போடும் சத்தத்தைக் கேட்டு அம்மா, "என்னடா, ஆட்டுக்குட்டிய மிதிச்ச மாதிரி கத்துது" என்பாள்.

வெளிநாட்டில் பெரிய ஆன்டெனா வைத்து, வானத்திலிருந்து வரும் ரேடியோ சத்தத்தைப் பதிவு செய்கிறார்களாம். வேறு உலகத்தில் யாராவது இருந்து அனுப்பிய சத்தம் அதில் இருக்கிறதா என்று தேட வேண்டும். அவர்களிடம் உள்ள கம்ப்யூட்டர்கள் போதாததால் அதைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, கேட்பவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். நம் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது தானாகத் தேடும். முடிந்ததைத் திருப்பி அனுப்பினால் நம் பேரில் ஒன்று கூடும். அண்ணனும் அதில் சேர்ந்தான்.

"இதுக்கு உனக்கு என்ன குடுப்பாங்க?" என்று அத்தா கேட்டார். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்.

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்கத்தா. சும்மா நிக்கறத ஓட உடறம், அவ்வளவுதானுங்க."

"நீயுந்தான் பாதி நாள் சும்மா நிக்கற. உன்னையும் சேத்து ஓட உடச் சொல்லு."

திரையில் கலர் கலராகக் கோடுகள் எழும்பும். எத்தனை சதவீதம் முடிந்தது என்றும் காட்டும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் சுற்றி முடித்த மோட்டாரை டெஸ்ட்டுக்கு ஓடவிட்டால், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்போம். ஓடும் மிஷினைத் தொட்டுப் பார்க்காமல் விடுவது எங்களுக்குத் தப்பு. அதே பழக்கத்தில் நான் அடிக்கடி போய் மவுஸை ஆட்டிப் பார்ப்பேன். ஆட்டியதும் கோடெல்லாம் மறைந்து போகும்.

"கண்ணு, அது மோட்டார் இல்ல. நீ தொட்டா, ஆரோ வேலைக்கு உக்காந்துட்டாங்கன்னு அது ஒதுங்கிக்கும்."

"தொடாம, ஓடுதான்னு எப்படித் தெரியும்?"

"பாத்தாப் போதும். கைக்கு என்ன அவசரம்?"

அந்த வருஷ மழையில், துடியலூரில் ஒரு கடைக்கு ரிப்பேருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, லாரி மோதி அண்ணன் இறந்துபோனான். இருபத்து நாலு வயது. வீடு நிறைய ஆட்கள் வந்ததில் யாரோ கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கி ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து அத்தா, "அதப் பாக்க முடியல. உங்க மாமன் வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வாராரு, எடுத்துட்டுப் போயிரட்டும்" என்றார். மாமா வீடு சூலூரில்.

நான் ஒயரை மாட்டிப் போட்டுப் பார்த்தேன். அறுபத்தொரு சதவீதத்தில் நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் விட்ட இடத்திலிருந்தே கோடுகள் எழும்பின. அண்ணன் தொடங்கிவைத்த கடைசித் துண்டு அது. மாமா வருவதற்குள் அதை முடித்து அவன் பேரில் அனுப்பிவிட வேண்டும் என்று அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன். இறந்தவர்களுக்கு நன்மை நின்றுபோகும், சிலது மட்டும் தொடர்ந்து போய்ச் சேரும் என்று மதரஸாவில் படித்திருக்கிறேன். அந்தச் சிலதில் இது சேருமா என்று தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை.

நான் வேலைக்குப் போனால் அம்மா அதன் முன்னால் தஸ்பீஹ் மணியை உருட்டி ஓதிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். துக்கம் கேட்க வந்தவர்களின் பிள்ளைகளையும் தொடவிடவில்லை. இரண்டு தடவை கரண்ட் போய் வந்தது. நானும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. மாமா வந்தபோது தொண்ணூற்றாறு சதவீதம். அவர் நேராகப் போய் மவுஸில் கை வைக்கப் பார்த்தார்.

"ஐயோ மாமா, தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

"ஏம்புள்ள, ஷாக் அடிக்குமா?"

அத்தாதான், "மச்சான், மொதல்ல சாப்புடுங்க" என்றார். சாப்பிட்டதும், "ஒரு டீ குடிச்சுப் போட்டுப் போலாம்" என்றார். அப்புறம் மாமா ஊர் விசைத்தறிகளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தாவுக்குத் தறியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

சாயங்கால அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் முடிந்தது. அண்ணன் காட்டித்தந்தபடி போன் லைனைப் போட்டேன். ஆட்டுக்குட்டிச் சத்தம் வந்ததும் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். போய்ச் சேர்ந்தது. அண்ணன் பேருக்கு நேரே ஒன்று கூடியது. நான் எதிர்பார்க்காதது, உடனே அடுத்த துண்டும் அவன் பேருக்கே வந்து பூஜ்யத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. அவன் இல்லை என்று அவர்களுக்கு யார் சொல்வது?

"மாமா, அண்ணன் பேர மாத்தாதீங்க" என்று மட்டும் சொன்னேன். "இல்ல கண்ணு" என்றார். நான்தான் நிறுத்தினேன். ஒயரை எடுக்கும் முன் புறங்கையை வைத்துப் பார்த்தேன். நல்ல சூடு.

சூலூரில் அது எத்தனை நாள் ஓடியது என்று எனக்குத் தெரியாது. போய்க் கேட்கவும் மனசு வரவில்லை. இதைப் படிப்பவர்கள் எந்த மார்க்கமாக இருந்தாலும் சரி, கொஞ்சம் சும்மா இருக்கும் நேரத்தில் என் அண்ணனுக்காக துஆ செய்யுங்கள்.