உயர்குல வாயு

கோபம் வந்தால் சண்முகவடிவுக்குக் குரல் தாழ்ந்துபோகும். தாராவித் தமிழ்ப் பள்ளியில் அவளிடம் ரசாயனம் படித்த பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். டீச்சர் சத்தம் போட்டால் பயமில்லை; முணுமுணுக்க ஆரம்பித்தால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அவளுடைய அப்பா பூலோகம், ஊர்ப் பொதுக்கிணற்றில் வாளி போட உரிமையில்லாத ஒரு தெருவிலிருந்து, திருநெல்வேலியில் ரயிலேறி பம்பாய் வந்தவர். தாராவித் தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று அவர் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். அந்தக் காலோடு நடந்துதான் மகளை பி.எஸ்ஸி. வரை படிக்க வைத்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூன்றில், பம்பாய்த் தமிழ்ப் பள்ளிகளுக்கு அறிவியல் புத்தகம் எழுதவென்று மாதுங்காவில் ஒரு குழு கூடியது. தலைவர் ஆராவமுதன், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தலைமையாசிரியை வாலாம்பாள், சண்முகவடிவையும் அழைத்துக்கொண்டு போனாள்.

ஹீலியம், நியான், ஆர்கான் என்று ஒரு வரிசை. எதோடும் லேசில் சேராத வாயுக்கள். அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது என்று பேச்சு வந்தது.

“மந்த வாயுன்னுதான் இதுவரைக்கும் சொல்லிக் குடுக்கோம்” என்றாள் சண்முகவடிவு.

ஆராவமுதன் தலையாட்டினார். “மந்தம்னா சோம்பேறின்னு ஆயிடும். இங்கிலீஷ்ல இப்போ நோபிள் கேஸ்னு சொல்றா. உயர்குல வாயுன்னு வெச்சுடலாம். மத்ததைத் தீண்டாம ஒதுங்கி நிக்கறதோன்னோ, அர்த்தமும் பொருந்தறது.”

தீண்டாமல் என்ற சொல்லை அவர் வெகு இயல்பாகச் சொன்னார். சுற்றி இருந்தவர்களும் இயல்பாகவே குறித்துக்கொண்டார்கள்.

“சார், நோபிள்னு முதல்ல தங்கத்துக்குச் சொன்னாங்க. துருப்பிடிக்காது, லேசுல மாறாதுங்கிற அர்த்தத்துல. குலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. சேராதுங்கிறதும் இப்ப முழுசா சரியில்ல. போன வருஷம் செனானை ப்ளூரினோட சேத்துக் காட்டிட்டாங்க.”

“அது ஏதோ ஒரு விதிவிலக்கு.”

“சரி சார். இது உயர்குலம்னா, மீதி தனிமமெல்லாம் என்ன குலம்?”

ஆராவமுதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டீச்சர், இது கெமிஸ்ட்ரி. இதுல பாலிடிக்ஸ் வேண்டாம்.” அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்கள்.

திரும்பும் வழியெல்லாம் வாலாம்பாள், “ஒரு வார்த்தைதானே வடிவு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சண்முகவடிவு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பேசினால் பஸ்ஸிலேயே ஏதாவது ஆகிவிடும் என்று இருந்தது அவளுக்கு.

மறு வருஷம் புத்தகம் வந்தது. ‘இவை உயர்குலத்தவை, ஆதலின் பிற தனிமங்களுடன் கலப்பதில்லை’ என்று அச்சாகியிருந்தது. அந்தப் பாடத்தைப் புத்தகத்தைத் திறக்காமலே நடத்திவிட நினைத்தாள். ஆனால் பிள்ளைகள் வீட்டில் வாசித்துவிட்டு வந்திருந்தார்கள்.

“ஹைட்ரஜன் எப்படி?” என்று அவள் கேட்டபோது கோமதி எழுந்தாள். தோல் கிடங்கில் வேலை பார்க்கும் பிச்சையாவின் மகள், கெட்டிக்காரி.

“அது எல்லாத்தோடயும் சேரும் டீச்சர். ஹைட்ரஜன், ஆக்ஸிஜன், சோடியம் எல்லாம் நம்ம ஆளுங்க.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. கோமதியும் சிரித்தாள். கிண்டலாகக்கூட அவள் சொல்லவில்லை. பாடத்தைப் புரிந்துகொண்ட சந்தோஷத்தில் சொன்னாள். சண்முகவடிவு சாக்கட்டியைக் கீழே வைத்தாள். ஊரில் கிணற்றடியில் கேட்ட குலப்பேச்சை அப்பா ரயிலேறித் தாண்டி வந்தார். அது ரசாயனப் புத்தகத்துக்குள் புகுந்து இந்தப் பிள்ளைகளைத் தேடி வந்துவிட்டது.

“மையை எடுங்க” என்றாள். குரல் அடியில் போயிருந்தது. சிரிப்பு அப்படியே நின்றது.

“அந்த வார்த்தை எங்கெங்க இருக்கோ, அங்கெல்லாம் எழுத்து தெரியாதபடி மை அடிங்க. பக்கத்துல எழுதுங்க: எளிதில் வினைபுரியாத வாயுக்கள். இது சேரலைங்கிறது பெருமையில்ல. அதோட வெளிக்கூட்டுல எலெக்ட்ரான் நிறைஞ்சிருக்கு, அதனால சேரல. அவ்வளவுதான். அணுவுக்குக் குலம் கிடையாது. உங்களுக்கும் கிடையாது.”

ஒரு வாரத்துக்குள் செய்தி மாதுங்காக் குழுவுக்குப் போய்விட்டது. பள்ளி நிர்வாகி அவளைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் ஆராவமுதனும் உட்கார்ந்திருந்தார்.

“புஸ்தகத்தைப் பாழ் பண்ணச் சொல்லிக்குடுக்கறது என்ன வாத்தியார் வேலை? மன்னிப்புக் கேட்டுட்டா இதோட விட்டுடலாம்” என்றார் அவர்.

“யாருக்கிட்ட கேக்கணும்? எங்க பிள்ளை, தான் தாழ்ந்த குலம்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுது. அதுக்கிட்ட நீங்க கேளுங்க, பொறவு நான் கேக்கேன்.”

நிர்வாகி அவளிடமிருந்து ரசாயனத்தைப் பிடுங்கித் தையல் வகுப்பைக் கொடுத்தார். வாலாம்பாள் குனிந்த தலை நிமிராமல் கால அட்டவணையை மாற்றி எழுதினாள்.

வீட்டில் பூலோகம் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்: “விட்ருளா. ஒரு மன்னிப்புத்தானே. எதுக்கு வீண் லஃப்டா, வம்பு? நான் கேக்காத பேச்சா?”

“நீங்க கேட்டதுனாலதான் நான் கேக்க மாட்டேங்கேன்.”

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அவரிடம் அப்படிச் சொன்னதற்காக அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரமும் மாதுங்கா பக்கமே திரும்பியது.

தையல் ஊசியோடு அந்த வருஷத்தை முடித்துவிட்டு வேலையை விட்டாள். விக்ரோலியில் தொழிற்சாலைக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. ரயிலில் நசுங்கிப் போய்வர வேண்டும். ஆனால் கையில் ரசாயனம் இருந்தது.

அறுபத்தேழில் வாலாம்பாள் அவள் வீட்டுக்கே வந்து இரண்டாம் பதிப்பை நீட்டினாள். “பாரு வடிவு, மாத்திட்டா. நீ ஜெயிச்சுட்டே.”

குலம் போயிருந்தது. அந்த இடத்தில் ‘அரிய வாயுக்கள்’ என்று இருந்தது. ஏன் மாற்றினார்கள் என்று எங்கும் ஒரு வரி இல்லை. முன்னுரையில் ஆராவமுதன், காலத்துக்கேற்பச் சில திருத்தங்கள் என்று மட்டும் எழுதியிருந்தார்.

“நான் என்னத்த ஜெயிச்சேன்?” என்றாள் சண்முகவடிவு. குரல் அடியில்தான் இருந்தது. “தப்புன்னு வாயத் தொறந்து சொல்லல. சத்தமில்லாம அழிச்சிட்டாங்க. முதல் புத்தகத்துல படிச்சிட்டுப் போன பிள்ளைகளுக்கு யாரு போய்ச் சொல்லுவா?”

வாலாம்பாள் எழுந்து நின்றாள். சண்முகவடிவு அவளை விடவில்லை. பக்கத்தை விரித்து, விரலை வைத்து அழுத்தினாள்.

“இதுவும் தப்பு. நாம இழுக்கிற மூச்சுல நூத்துல ஒரு பங்கு ஆர்கான். இது என்ன அரிது? போய்ச் சொல்லுங்க.”