சிவப்பு அம்பு

மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அம்மா இருந்தார். அவர் கழுத்தில் நூல் வெட்டும் கத்தரி தொங்கும். துணியில் எங்கே பழுதோ, அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்.

அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நான் சர்வரை அப்டேட் செய்த மறுநாள், அவர் கம்ப்யூட்டரில் போட்ட பீஸ் எண்ணிக்கை எதுவும் சேவ் ஆகவில்லை. மேனேஜர் அவரைத் திட்டினார். நானும், "தப்பா அமுத்தியிருப்பீங்க" என்றேன்.

"நேத்து வரைக்கும் இதே கைதானுங்க அமுத்துச்சு. மாத்துனது நீங்க," என்று என் லேப்டாப்பில் ஓர் அம்பை ஒட்டினார்.

பிழை என் அப்டேட்டில்தான் இருந்தது. சரிசெய்துவிட்டு ஸ்டிக்கரை உரிக்கப் போனேன்.

"கைய எடுங்க. செக் பண்ணி நாந்தான் உரிக்கோணும்."

மூன்று தடவை சேவ் செய்து பார்த்தார். மூன்றும் ஏறின.

"இனிப் போயி, யாரு தப்புன்னு மேனேஜர்கிட்டச் சொல்லிட்டு வாங்க. உரிக்கறேன்."

அம்பு ஒட்டிய லேப்டாப்போடு மேனேஜர் அறைக்குப் போனேன்.